பூச்சியமாவது நகர்வு

பல்லடத்தில் ராத்திரி ஒன்றரைக்குக் கரண்ட் போக
தெருவின் தறிகளெல்லாம் ஒரே மூச்சில் வாயடைத்தன.
நவலடியானின் திரையும் போயிற்று.
அதுவரை ஓர் அடிகூட வைத்திருக்கவில்லை அவன்;
சுரங்க வாசலில்
சுருண்ட மரவட்டை மாதிரி ஒரு குறியாக நின்று
பையைத் துழாவிக்கொண்டிருந்தான்:
ரொட்டி ஐந்து, பந்தம் ஒன்று, மொண்ணைக் கத்தி.

கரண்ட் வந்ததும் போன்.
'அண்ணா, ரொட்டி பத்து இருக்குதுங்க.'

சூலூரில் இருந்த எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.
பகலெல்லாம் நூல் கடைக்கு ஜிஎஸ்டி பில் போட்ட களைப்பு,
'நல்லாச் சாப்பிடு' என்று வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமைக்குள் வித்தை பிடிபட்டிருந்தது அவனுக்கு.
சேமிப்பான், மூடுவான், திறப்பான்;
வாசலில் ஆட்டம் புது ஆளென்று வரவேற்று
மறுபடி ஐந்து ரொட்டி கொடுக்கும்.
நூற்று நாற்பதில் நின்றது.
'பாரம் தாங்கலீங்க. காலை எடுக்கவே முடியறதில்லை.'

நகர முடியாததால் நகர்வு பூச்சியம்.
பூச்சியம் என்பதால் புது ஆள்.
புது ஆள் என்பதால் ரொட்டி.

வரியைத் தேடி எடுத்தேன். நான் எழுதியதுதான்:
நகர்வு எண் பூச்சியமென்றால் ஆட்டம் தொடங்கவில்லை.
இரண்டு வருசத்துக்கு முந்தைய என் கை
எவ்வளவு தைரியமாய் எழுதியிருக்கிறது.
நின்றவன் பிறக்கவே இல்லையாம்.

'தொடங்கியாயிற்று' என்று ஒரு கொடி;
பையைக் கொடுத்த கையோடு கோப்பில் ஊன்றினேன்.
ஓட்டிப் பார்த்தால், பழைய கோப்புகளில் கொடியே இல்லை.
ஒன்பதாம் தளத்தில் அரைவயிற்றோடு
இருபதாயிரம் நகர்வு கண்ட சூனியக்காரியைப் பார்த்து
'நல்வரவு, இந்தா ரொட்டி' என்றது ஆட்டம்.
கொடி இல்லாமல் எண் ஓடியிருந்தால் பழைய ஆள் என்று
இன்னொரு வரி சேர்த்தேன்.
கொடியும் இல்லை, எண்ணும் பூச்சியம் என்றால்?
பையில் கையை விட்டுப் பார்,
ஏதாவது தட்டுப்பட்டால் ஆள் வந்தாயிற்று.
மணி மூன்றரை. டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

மறுநாள் ராத்திரி புதுப் பதிப்பை அனுப்பினேன்.
'ரொட்டியப் புடுங்கிட்டீங்களா?'
'இல்ல. இனிமே கிடைக்காது, அவ்வளவுதான்.'
'அப்ப இத என்னங்க பண்றது?'
'கீழ போடு.'

போட்டான். ஒரு ரொட்டி. நகர்வு: ஒன்று.
இரண்டு. மூன்று.
போனில் அவன் எண்ணுவதும், பின்னால் தறிச் சத்தமும்.
அறுபத்தேழாவது ரொட்டி வாசற்படியில் விழுந்தபோது
இருட்டுக்குள்ளிருந்து எதுவோ வாசம் பிடித்து வந்தது.

'அண்ணா, கத்திக்கு எந்தப் பட்டனுங்க?'