மாட்டு வண்டி

ஊரில் எங்களை அப்படித்தான் சொல்வார்கள்.
பசுப்படம் ஒட்டிய வெள்ளை வண்டி,
பின்னால் ஹைட்ராலிக் பலகை,
உள்ளே ரப்பர் விரிப்பு, கால்சியம் பாட்டில்கள்,
எவ்வளவு பினாயில் ஊற்றினாலும் போகாத சாணி வாசம்.
சைரன் கிடையாது. ஹாரன் உண்டு,
அதுவும் சாரல் காலத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும்.

அன்று ஆனி மாசம், சாயங்காலம் ஆறு மணி.
கோட்டைவாசலுக்குக் கீழே ஒரு மாந்தோப்பில்
வயிறு ஊதிய கன்றை ஏற்றிக்கொண்டு இறங்குகிறோம்.
எஸ் வளைவில் லாரிகள் அசையவில்லை.
வைக்கோல், எம்சாண்ட், வாழைத்தார், கோழி.
நடுவே ஈரத் தாரில் ஒரு ஆள்.
சட்டையெல்லாம் காய்ந்த ரப்பர் பால்.
தொடையிலிருந்து ரத்தம்
மழைத்தண்ணீரோடு சேர்ந்து
தமிழ்நாட்டுப் பக்கமாக ஓடுகிறது.

மேலே ஆரியங்காவிலிருந்து ஒரு சைரன்,
கீழே செங்கோட்டையிலிருந்து ஒரு சைரன்.
சத்தம் வந்து சேர்ந்துவிட்டது,
வண்டிகளைக் காணோம்.

"ஏத்துங்க" என்றார் டாக்டர் ஜெஸிமா.
"மேடம், இது நம்ம வண்டி..."
"செண்பகண்ணே, பலகையை இறக்குங்க."

நானூறு கிலோ எருமைக்கு முனகுகிற பலகை
அவருக்கு முனகவே இல்லை.

மருந்து எதையும் டாக்டர் தொடவில்லை.
மாட்டுக்கு வைத்திருந்த பஞ்சை மொத்தமாகத் திணித்து
இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார்.
கன்று அந்த ஆளின் உள்ளங்கையை நக்கப் பார்க்க
முழங்காலால் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.
அவர் கண்ணைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்:
"பசுவாணோ?"
"காளைக்கன்று" என்றேன், முன்னாலிருந்து.
ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

என்னோடு ஐடிஐ படித்த ஜெபசிங்
இங்கிலாந்தில், லெஸ்டரில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான்.
நீல விளக்கு கண்ணாடியில் தெரிந்தாலே
ரோடு செங்கடல் மாதிரிப் பிளக்கும் என்பான்.
கால்வாயில் விழுந்த குதிரையைத் தூக்க
தீயணைப்பு வண்டி, டாக்டர், வலை, கம்பளி
எல்லாம் வந்த வீடியோ அனுப்பியிருந்தான்.
"உன் வண்டியில மனுசன ஏத்துவியாலே?" என்று
அடியில் ஒரு சிரிப்பு.

எனக்குச் செங்கடல் பிளக்கவில்லை.
ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்.
"மாட்டுக்கு என்னலே அவசரம்" என்றான் ஒருத்தன்.
வைக்கோல் லாரிக்காரர் மட்டும், பாலக்காட்டு வண்டி,
ஒரு வார்த்தை பேசாமல்
இடது சக்கரத்தை ஓடைக்குள் இறக்கி வழிவிட்டார்.

புளியரை செக்போஸ்ட்டில் எதிரே அந்தச் சைரன்.
திரும்ப இடமில்லாமல் அப்படியே நின்றது.
அதிலிருந்து ஒரு பெண் ஆக்சிஜன் சிலிண்டரோடு குதித்து
லாரிகளுக்கு இடையே ஓடி வந்து
எங்கள் பின்கதவைத் திறந்தாள்.
கன்றைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள்.
"கொஞ்சம் நகத்துங்க அதை" என்றாள்,
சாணியில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

செங்கோட்டை ஆஸ்பத்திரி வாசலில்
காவலாளி கம்பை நீட்டினார்:
"மாட்டாஸ்பத்திரி இது இல்லப்பா."
இறங்கி அவர் கையைப் பிடித்து
பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.
அவரே ஓடி ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தார்.

இரவு பதிவேட்டை நிரப்ப வேண்டும்.
இனம். வயது. சினையா. பால் எத்தனை லிட்டர்.
டாக்டர் ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தார்.
பிறகு எழுதினார்: கன்று, ஒன்று. வயிறு உப்புசம்.
மீட்டரில் அதிகமான கிலோமீட்டருக்கு
"பாதை மாற்றம்" என்று போட்டோம்.

கன்று மூன்றாம் நாள் எழுந்து நின்றது.
அவரைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்களாம்,
அதற்கு மேல் தெரியவில்லை.
சீட்டுக்கு அடியில் ஒரு செருப்பு கிடக்கிறது.
இடது கால், ஒன்பதாம் நம்பர்,
வாரில் கன்றின் பல் பதிந்திருக்கிறது.
ஆரியங்காவு எங்கள் எல்லையில் வராது.
வண்டி கழுவும்போதெல்லாம் எடுத்து வெளியே வைத்து
காய்ந்ததும் திரும்ப உள்ளே போடுகிறேன்.