சினையோடு வந்தவள்

கிர்க்வால் சந்தையில் வாங்கிய கிடேரி.
காற்று அவள் பக்கமிருந்து வீசினால்
என் மந்தை தலைதூக்கி மோப்பம் பிடிக்கிறது,
அவளும் கத்துகிறாள்.
நடுவில் இரண்டு வேலி,
எதுவும் மேயாத மூன்று மீட்டர் புல்.

அவளுக்கென ஒரு வாளி, ஒரு மண்வெட்டி,
சிவப்புப் பட்டை ஒட்டிய பூட்ஸ்.
கடைசித் தீனி அவளுக்கு;
பிறகு நேரே குளியலறைக்கு.
"விருந்தாளியை இப்படியா வைப்பது?"
அடுத்த பண்ணை தோரா சிரிக்கிறாள்.
ஒரே வசந்தத்தில் எட்டுச் செத்த கன்றுகளை
அவள் வண்டியேற்றியதில்லை.

இருபத்தெட்டு நாளில் விடலாம் என்றிருந்தேன்.
ரத்தத்தில் வைரஸ் இல்லை;
வந்துபோன தடம் உண்டு.
எப்போது போனது? ரத்தம் சொல்லாது.
மருத்துவர் இஷ்பெல் வயிற்றில் கைவைத்து,
"காகிதம் இவளைப் பற்றியது.
உள்ளே இருப்பதைப் பற்றி
அதில் ஒரு வரிகூட இல்லை" என்றாள்.

ஆகஸ்டில் ஈன்றாள். காளைக்கன்று.
அரை மணியில் எழுந்து மடி தேடியது.
இத்தனை லட்சணமாய் ஒன்று
இந்தத் தீவில் பிறந்து நான் பார்த்ததில்லை,
அதுதான் பயம்.
காதில் ஒரு துணுக்குச் சதை எடுத்து உறையிலிட்டேன்.
கடல் கொந்தளிப்பு; படகு சனிக்கிழமைதான்.

பெயர் வைக்கவில்லை.
வாலை முறுக்கி முறுக்கிக் குடிக்கிறது.
வேலிக்கு அப்பால் முப்பத்தொரு பசுக்கள்.
காளை சேர்ந்து ஏழு வாரம்,
அநேகமாக எல்லாம் பிடித்திருக்கும்.
ஈரமான மூக்குகளை
இந்தப் பக்கமே நீட்டிக்கொண்டு.