குடில் பிரித்த சனிக்கிழமை

ஆறாம் தேதி தாண்டியாயிற்று.
சீரியல் பல்பைக் கழற்றி முழங்கையில் சுற்றினேன்.
வைக்கோலைக் கோயில்குட்டி மாசிலாமணி
தன் கன்றுக்கென்று சாக்கில் திணித்துக்கொண்டார்.
முறப்பநாட்டு ஆற்றுமணல் இரண்டு சட்டி,
செம்மறி ஐந்து, அதில் ஒன்றுக்குக் காதில்லை,
ராசாக்கள் மூவர்.
தினத்தாளில் பொதிந்து
பழைய டிவி அட்டைப்பெட்டிக்குள் இறக்கினேன்.

கடைசியாகப் பிள்ளை.
இருபத்திரண்டு வருஷமாக நான்தான் எடுத்து வைக்கிறேன்,
ஒரு விரற்கடை வளரவில்லை.
போன டிசம்பரில் அதன் சுண்டுவிரல் ஒடிந்தது.
எம்சீல் குழைத்து ஒட்டினேன்.
ரோஸ் பெயிண்டு சரியாகச் சேரவில்லை;
பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

அதே வாரம்தான்
கோபுரத்தில் நட்சத்திரம் கட்ட ஏறிய
சுடலைமுத்து விழுந்தான்.
என் காண்ட்ராக்ட். என் ஏணி.
மழை விட்ட மறுநாள், பாசி வழுக்கும் என்று
அவன் சொன்னான். ஏறுலே என்று நான் சொன்னேன்.
பத்தொன்பது வயது.
ஹைகிரவுண்டில் நாற்பது நாள் கிடந்து
இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வீடு போனான்.
கமிட்டியில் பேச்சு வந்தது.
"நம்ம சபைப் பேரேட்டுல இல்லாத பையம்லா"
என்றார் பொருளாளர்.
வயல்வெளி இடையர்கள் மட்டும்
எந்தப் பேரேட்டில் இருந்தார்கள்?
கேட்க எனக்கு நாக்கு எழும்பவில்லை.
ஐயாயிரம் கவரில் வைத்துக் கொடுத்தோம்,
கைநாட்டு வாங்கிக்கொண்டோம்.
நட்சத்திரத்தை வேறொருவன் ஏறிக் கட்டினான்.
சீவலப்பேரி ரோடு வரைக்கும் தெரிந்தது அது.

பிள்ளையை யாருக்குத்தான் பிடிக்காது.
பேசாது. கணக்குக் கேட்காது.
வைத்த இடத்தில் கிடக்கும்,
பக்கத்தில் நின்று செல்போனில் படம் எடுக்கலாம்.
வளர்ந்து வாய் திறந்த பிறகல்லவா
சொந்த ஊர்க்காரர்களே அவரை
மலை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.
பெட்டியின் வாயை டேப் போட்டு ஒட்டினேன்.
பரணில், அறுப்பின் பண்டிகைத் தராசுக்குப் பக்கத்தில்.

மறுநாள் திருவிருந்து.
பீடத்தருகே முழங்காலில் இருந்தேன்.
ஐயர் அப்பத்தை உயர்த்திப்
பிட்டார்.
மைக்கில் கேட்டது அந்தச் சத்தம்,
காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி.
எத்தனையோ மாதம் கேட்டதுதான்.
அன்றைக்கு என் விரல்கள்
தன்னாலே எம்சீலைத் தேடின.

ஒட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.
உடைந்தால்தான் பந்தி.
நானோ ஒரு வருஷமாக
ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்,
விரலை, கணக்கை, ஊருக்குள் என் பேரை.
உள்ளங்கையில் விழுந்த துண்டு
தபால்தலை அகலம் இருக்கும்.
கண்ணை மூடினால்
உயரத்தில் இரண்டு கையும் விரித்து நின்றது
சுடலைமுத்து;
கீழே பேரேட்டைப் புரட்டிக்கொண்டு நாங்கள்.
விழுங்கினேன். தொண்டையிலேயே நின்றது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை.
மணப்படைவீட்டுக்கு வண்டியை விட்டேன்.
அவன் அம்மா பேச்சித்தாய் கதவைத் திறந்தாள்,
வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.
கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து
யாருடைய மிக்ஸிக்கோ காயில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"நட்சத்திரம் எரிஞ்சுதா அண்ணாச்சி?
மூணாவது முனையில லூஸ் கான்டாக்ட் இருக்கும்.
அன்னைக்கே பார்த்தேன்.
சொல்றதுக்குள்ள..."

மூன்றாவது முனை
இந்தப் பண்டிகை முழுக்க அணைந்துதான் கிடந்தது.
ஒருத்தரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

நாற்காலி இருந்தது.
தரையில் உட்கார்ந்தேன்,
அவன் கால்மாட்டில்.
கொண்டுபோன வார்த்தையெல்லாம் வழியிலேயே சிந்திவிட்டது.
"ஏணி என்னுதுலே" என்றேன்.
அதுவரைக்கும் நான் அதை
ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

அவன் காயிலைக் கீழே வைத்தான்.