மான் தின்ற பட்டியல்

நாலு வருசம் எழுத்தாயும் குரலாயும் மட்டும் இருந்தவள்
இன்றிரவு மெயிலில் ஏறிவிட்டாள்.
ஜன்னலோரம் கிடைத்ததாம்.
'கல்லோயாவில் பெட்டி பிரிப்பார்கள்,
நித்திரையானால் மட்டக்களப்பில்தான் விழிப்பாய், ஹில்மியா'
என்று எழுதுகிறேன்,
நூறு தரம் போய்வந்தவன் மாதிரி.

லடாக்கில் மூச்சு முட்டியதை அவள் சொன்னாள்.
இஸ்தான்புல் படகில்
கடற்காகம் விரலோடு ரொட்டியைக் கவ்வியதை.
பதிலுக்கு நான் புறாத்தீவைச் சொன்னேன்:
முழங்கால் தண்ணீர், குட்டிச் சுறா,
அது என் பாதத்தை ஒருமுறை சுற்றிப் போனது.

சுற்றியது மச்சானின் பாதத்தை.
நாற்பத்தொரு வயதாகிறது,
அந்தத் தீவில் நான் இன்னும் கால் வைக்கவில்லை.
உள்ளூர்க்காரன் எதைப் போய்ப் பார்த்தான்!

அதனால் சனிக்கிழமை கன்னியாவுக்குத் தனியே போனேன்.
டிக்கெட் எடுத்து
ஏழு கிணற்றிலும் வாளி வாளியாய் அள்ளி ஊற்றி
எது அதிகம் சுடுகிறதென்று மனப்பாடம் செய்தேன்.
'எங்கேயிருந்து வாறீங்கள்?' என்றான் டிக்கெட் பெடியன்.
'திருகோணமலை' என்றேன்.
அவன் சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டம்.

கரண்ட் பில்லின் பின்பக்கம்
மூன்று நாளுக்கும் திட்டம் எழுதி
பஸ் நிலையத்தில் பிளேன்டீ குடிக்கையில்
கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
சட்டைப்பையிலிருந்து இழுத்து
நிலாவெளி, டச்சுக்குடா, கோணேசர் மலையெல்லாம்
ஆறுதலாக மென்றது.
கட்டவேண்டிய தொகையை மட்டும் விட்டுவைத்தது.

இப்போது மணி பன்னிரண்டரை.
'ஒன்று கேட்க மறந்தேன்,
உன் குரலைவிட நீ உயரமா?'

தெரியாது.
வந்து பார்த்துச் சொல்.