காரணம்

சினை ஊசி டிப்போவில்
காளை விந்துக்குப் போக மிஞ்சிய திரவ நைட்ரஜனில்
மூன்று லிட்டர் ஊற்றினார் சோலைமலை.
எந்த ஊர் மாட்டுக்கும்மா?
வானத்துக்கு என்றேன்.
ரசீதிலும் அப்படியே எழுதிவிட்டார்.

6.24. நாகமலைக்குப் பின்னால் சூரியன் போயிற்று.
கோச்சடை மொட்டை மாடியில்
கருவியின் கழுத்துவரை குளிரை ஊற்றினேன்.

மேலே, எண்பது கிலோமீட்டரில்,
பகலெல்லாம் ஓசோன் உடைந்து தெறித்த ஆக்சிஜன்
வாங்கியதை உடனே திருப்பித் தராது.
ஒரு மணி நேரம், அதற்கு மேலும்கூட
வைத்திருந்துவிட்டுத்தான் விடும்,
சிவப்புக்கும் அப்பால்
கண்ணுக்கு அகப்படாத ஒரு நிறத்தில்.
அதிலும் பெரும்பங்கை வழியிலேயே விழுங்கிவிடும்
கீழே நாம் இழுக்கும் இதே ஆக்சிஜன்.
சொந்தபந்தம் வேறெப்படி இருக்கும்.

412. 397. 380.
பைபாஸில் லாரிகள். மண்டபத்தில்
ஜெனரேட்டர் இரண்டுமுறை இருமி எழுந்தது.
366.

7.12க்கு ஒரு பள்ளம்.
மேகமில்லை. வயரை அசைத்தேன். மின்சாரமும் இருந்தது.
பிறகுதான் பார்த்தேன்,
குளிர்ந்த கண்ணாடிமேல்
குனிந்திருந்த என் மூச்சு
வட்டமாகப் படிந்திருந்ததை.

துடைத்தேன்.
குறிப்பேட்டில் காரணம் என்ற கட்டத்தில்
நான் என்று எழுதினேன்.
நான்கடி தள்ளி,
டேங்கில் சாய்ந்து நின்றுகொண்டு,
வானம் தன் கடனை அடைத்து முடிக்கும்வரை
முகத்தைத் திருப்பியே
மூச்சுவிட்டேன்.