ஆறாவது பறவை

தார்த்து நகரில் டிசம்பர். மூன்றரைக்கே விளக்குப் போட்டாயிற்று.
போட்டிக்கு வந்தவை ஆயிரத்து நானூறு.
அதில் எண்ணூற்றுப் பதினேழாவது:
உறைந்த பெய்ப்சி ஏரி,
பனியில் தோண்டிய துளையருகே குந்தியிருக்கும் ஒரு மனிதர்,
தலைக்கு மேல் ஆறு கடற்காகங்கள்.
இதற்குத்தான் பரிசு என்று எழுந்தே விட்டார் ரைமோ.

எனக்கொரு கெட்ட பழக்கம், பெரிதாக்கிப் பார்ப்பேன்.
நானூறு விழுக்காட்டில்
இரண்டாம் பறவைக்கும் ஆறாம் பறவைக்கும்
இடது சிறகில் ஒரே இறகு ஒடிந்திருந்தது.
கண்ணில் ஒரே வெளிச்சப் பொட்டு.

மூலக் கோப்பு கேட்டோம்.
ஐந்து நாள் கழித்து அனுப்பினார் தர்வோ லெப்பிக்.
ஐந்தே பறவைகள்.
வலது மேல்மூலையில் வெறும் வானம்,
கழுவாத பாத்திர நிறத்தில்.
கூடவே ஒரு வரி:
"அந்த மூலை காலியாக இருந்தது,
கண் அதன் வழியே வழுக்கி வெளியே போகிறது."
பொய் சொல்லத் தெரியாத ஆள்.

விதி நாலு. நீக்கம்.
கடிதம் என் தலையில் விழுந்தது.
"ஒளிப்படம் என்பது" என்று தொடங்கினேன்.
அதற்கு மேல் கை ஓடவில்லை.

எண்பத்து மூன்றில், மாவட்டச் செய்தித்தாளின்
இருட்டறையில் எனக்கு வேலை. வயது இருபது.
கூட்டுப்பண்ணைப் பரிசளிப்புப் படம் ஒன்று அச்சுக்குப் போகவேண்டும்.
அதில் நின்றவர்களில் ஒருவர்
முந்தின இரவு படகேறிப் போய்விட்டார்.
ஆசிரியர் நகத்தால் தொட்டுக் காட்டினார், பெயர் சொல்லவில்லை.
சவர பிளேடு, சாம்பல் மை, மெல்லிய தூரிகை.
முகம் போனது, கோட்டு போனது,
விரல்களும் ஒவ்வொன்றாய்.
அவர் நின்ற இடத்தில் வைக்கோல் வரைந்தேன்.
பிடித்திருந்த கம்பை மட்டும் எடுக்க முடியவில்லை,
மேலே கொடி இருந்ததே.

மறுநாள் பேப்பரில்
யாரும் பிடிக்காமல் நின்றது கொடி,
நல்ல காற்றில் படபடத்துக்கொண்டு.
ஒருத்தரும் கேட்கவில்லை.
கேட்காமலிருக்க எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
கை சுத்தமான பெண், என்றார் ஆசிரியர்.

லெப்பிக், உங்களுடையது ஒரு பறவைதான்.
இதையெல்லாம் எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.
"விதி நாலின்படி" என்று இரண்டு வரியில் முடித்து
மால்லே உய்போ என்று கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு நடக்கையில்
ஆற்றுப்பாலத்து விளக்கடியில் ஒரு கடற்காகம்
ரொட்டித் துணுக்கைக் கொத்திக்கொண்டிருந்தது.
அருகே போனதும் சிறகை விரித்தது.
இறகெல்லாம் முழுசு.
இருந்தும் நின்று,
அண்ணாந்து,
இன்னொன்றைத் தேடினேன்.