நவம்பர் ஸ்லைடு

சுப்பீரியர் ஏரி உறைந்த வாரம்.
தண்டர் பேயில் காலை எட்டரைக்கும் இருட்டு.

ரெய்ஹோ லெஹ்தோ, ஐம்பத்தெட்டு,
தானியக் கிடங்கில் எடை போடுகிறவர்,
சிகரெட் தொட்டதில்லை.
மூன்று முறை நிமோனியா என்றார்கள்,
மூன்று முறையும் மாத்திரையை முடித்தார்.
இருமினால் கோப்பை நிறையச் சளி,
'முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி' என்று
படிவத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்.
எழுதியவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

சி.டி. படத்தில் கட்டி என்று எதுவும் இல்லை.
வலது கீழ்மடலில் வெறும் மூட்டம்,
அதனுள்ளும் ரத்தக்குழாய்கள் தெரிந்தன
பனிக்குள் தெரியும் சாலைக் கோடு போல.
"மூன்று மாதம் கரையாத நிமோனியாவை
நான் நம்புவதில்லை" என்றார்
படம் பார்க்கும் ஷெவ்ச்சுக்,
பாதி சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு.

புதிதாக எடுத்த துண்டு, அரை அரிசி அளவு.
சாயம் ஏறியதும் கண்ணை வைத்தேன்.
காற்றறைச் சுவர் எதையும் அவை இடிக்கவில்லை.
சுவரோரமாகவே வரிசை கட்டி, நெட்டையாக,
உட்கரு அடியில், தலைமாட்டில் சளித்துளி;
வாடகை வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்காத
குடித்தனக்காரர்கள்.
காற்றுக்குத்தான் இடமில்லை.

அழகு என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.
அதைக் குறிக்க அறிக்கையில் கட்டம் கிடையாது.

பிறகு எழுந்து போய்
நவம்பர் ஸ்லைடைத் தேடி எடுத்தேன்.
அழற்சி மட்டும், புற்று இல்லை:
என் கையெழுத்து.

ஓரத்தில், சீவும்போது திசு மடிந்த இடத்தில்
ஆறு செல்கள்.
ஆறா, ஏழா.
அன்று தாண்டிப் போனேனா,
கண்டும் மடிப்பு என்று விட்டேனா, நினைவில்லை.
இந்த ஆறை மட்டும் இன்று யாராவது காட்டினாலும்
பெயர் சொல்லியிருக்க மாட்டேன்.
அது உண்மைதான்.
உண்மை என்பதால் நெஞ்சு லேசாகவில்லை.

ஷெவ்ச்சுக்கிடம் சொன்னேன்.
"எனக்கும் நவம்பரில் ஒரு படம் வந்தது"
என்றார், அதற்கு மேல் பேசவில்லை.

'முந்தைய மாதிரி மறுபார்வை செய்யப்பட்டது'
என்று தட்டினேன்.
பார்த்தது யார், தவறவிட்டது யார்?
அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை.
அழித்தேன்.
'நான்' என்று தொடங்கினேன்.

வெளியே மைனஸ் இருபத்தாறு.
கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டினேன்,
பார்க்கத் தேவையான அளவுக்கு அல்ல,
ஓரங்கள் வரைக்கும்.